நிறைந்தே திரும்பிய தண்ணீர்ப் போத்தல்

கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். காலையில் பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் பதிய ஓடும் அவசரத்திலும், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பேன். மாலையில் போத்தல் அப்படியே நிறைந்து திரும்பும். இந்தக் குளிரில் பிள்ளைக்குத் தாகம் எடுக்காது என்று நானே நினைத்துக்கொண்டேன். அடிவயிறு வலிக்கிறது என்று அவள் அழுதபோதுகூட, பள்ளிக்கூடம் போகச் சோம்பல் என்று திட்டித்தான் அனுப்பினேன்.

ஒருநாள் நான் கொழுந்து பறிக்கும் மலைக்கே ஆள் வந்தது. மகள் காய்ச்சலில் வகுப்பிலேயே சுருண்டு விழுந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"டொய்லட் கதவுல கொண்டி இல்லம்மா. பையங்க தள்ளித் தொறந்துருவாங்க. தண்ணி குடிச்சா அங்க போகணும்ல?"

சிறுநீரில் தொடங்கிய கிருமி சிறுநீரகம் வரை போயிருந்தது. பத்து நாள் வார்டில் இருந்தோம். இனி மாதாமாதம் கிளினிக் போக வேண்டும்.

கொண்டி போடச் சொல்லிப் பள்ளிக்கூட அதிபரிடம் இரண்டு தடவை போனேன். இன்னும் போடவில்லை. மகளும் அவள் தோழியும் ஒருத்திக்கு ஒருத்தி கதவருகே காவல் நிற்கிறார்கள். முன்பெல்லாம், "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்பேன். இப்போது வீட்டுக்குள் நுழைந்ததும் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒனக்குக் கதவுகிட்ட யாரு நின்னா?" என்றுதான் கேட்கிறேன்.

நேற்று தோழி பள்ளிக்கு வரவில்லையாம். போத்தல் நிறைந்திருந்தது.