கீழ்பென்னாத்தூரின் சிவப்புப் புள்ளி

ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நான் சேர்ந்தபோது, அது என்ன வேலை என்று அத்தா கேட்டார். ஊருக்குள் அவருக்குச் செருப்புக்கடை. "மாசா மாசம் அப்டேட் வரும். அத எல்லா கம்ப்யூட்டர்லயும் போடணும்" என்றேன்.

"கடைக்குச் சரக்கு வர்ற மாதிரியா?"

"சரக்கு இல்ல அத்தா, ஒட்டு. எங்க ஓட்டை இருக்குன்னு அவங்களே கண்டுபிடிச்சு அனுப்புவாங்க."

"மாசா மாசம் ஓட்டை விழுதா? அப்ப வித்தவன்கிட்ட சண்ட போடாம நீ ஏன் ஒட்டுற?"



திருவண்ணாமலையில் தலைமைக் கூடம், வேங்கிக்காலில் ஒரு கிளை, கீழ்பென்னாத்தூரில் ஒரு கிளை. மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை அப்டேட் வந்து நிற்கும். முதலில் என் மேஜையில் இருக்கும் இரண்டு மெஷின்களில் போட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் பொறுத்து, வியாழன் சாயங்காலம் கூட்டம் வடிந்ததும் மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடுவேன். ரொம்பவும் தள்ளிப்போட முடியாது. ஒட்டு வெளியான அன்றே ஓட்டை எங்கே என்பதும் உலகத்துக்கே தெரிந்துவிடும். உள்ளே புகுந்து நோயாளிகளின் விவரங்களை அள்ள நினைப்பவனும் அதே அறிவிப்பைத்தான் படிக்கிறான்.

ஒவ்வொரு மெஷினும் என் திரையில் ஒரு புள்ளி. அப்டேட் ஏறியது பச்சை, ஏறாதது சிவப்பு. சேர்ந்த மூன்றாவது மாதமும் எல்லாம் பச்சையாக இருக்க, ஒன்று மட்டும் அழிச்சாட்டியமாகச் சிவப்பாகவே நின்றது. கீழ்பென்னாத்தூர் கிளையின் முன்மேஜை மெஷின்.

அந்த மேஜையில் இருந்தவர் ஐம்பதை ஒட்டிய ஓர் அக்கா. வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, ரத்தக் குழாய்களில் ஒட்டும் ஸ்டிக்கரை அச்சடித்துக் கொடுப்பது அவர் வேலை. ஒவ்வொரு மாதமும் போன் செய்வேன். ஒரு மாதம் கரண்ட் இல்லை என்றார். அடுத்த மாதம் நெட் இல்லை. மூன்றாவது மாதம், "கூட்டம் ஜாஸ்தியா இருக்குதும்மா, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். பின்னணியில் ஒரு மனிதக் குரல்கூடக் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம்தான் கேட்டது.

மறுநாள் கிளம்பிவிட்டேன். கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்தும் பௌர்ணமி நாள் இல்லை என்பதால் பஸ் நிலையத்திலேயே பஸ் கிடைத்தது. கையும் களவுமாகப் பிடித்து, நாலு வார்த்தை கண்டிப்பாகப் பேசிவிட்டு வருவது என்று வழியெல்லாம் வசனம் தயாரித்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால், நெட் ஒயர் மெஷினில் சொருகப்படாமல் மேஜை மேல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு ரப்பர் பேண்ட் வேறு.

"என்னக்கா இது?"

அவர் மழுப்பவில்லை. "வேலை இருக்கச் சொல்ல சொருகுவேன். முடிஞ்சதும் புடுங்கிடுவேன். இல்லன்னா உங்க அப்டேட்டு உள்ள வந்துடும்."

"வந்தா நல்லதுதானேக்கா?"

"நல்லதா? உக்காரும்மா, சொல்றேன்."

நான் சேர்வதற்கு முந்தைய ஆண்டு ஒரு அப்டேட் ஏறியிருக்கிறது. மறுநாள் காலை ஸ்டிக்கரில் பாதிப் பெயர்தான் விழுந்திருக்கிறது. வயது விழவே இல்லை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் போனில், "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அக்கா அன்று முழுக்க ஒவ்வொரு ஸ்டிக்கரையும் கையால் எழுதியிருக்கிறார். மறுநாள் அந்த அப்டேட்டை எடுத்த பிறகுதான் பெயர் முழுசாக விழுந்திருக்கிறது.

"பாதிப் பேரு ஒரே மாதிரி ரெண்டு பேரு வந்தாங்கன்னு வையி. இவங்க ரத்தத்த அவங்களோடதுன்னு அனுப்பிட்டா யாரும்மா பதில் சொல்றது? நீயா, நானா?"

பஸ்ஸில் தயாரித்த வசனம் அத்தனையும் மறந்துபோயிற்று. நான் அவரைப் பொய் சொல்லி வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவர் என்று நினைத்திருந்தேன். அவர் எனக்குத் தெரியாத ஒரு ஆபத்தைத் தனியாளாகத் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வழிதான் தப்பு.

மதியம், யாரும் வராத நேரமாகப் பார்த்து, அவர் கண்ணெதிரிலேயே அப்டேட்டைப் போட்டேன். மெஷின் எழுந்ததும் ஒரு ஸ்டிக்கர் அடித்தோம். பாதிப் பெயர்! "பாத்தியா?" என்றார் அக்கா, ஏதோ பரிசு வாங்கியவர் போல. அந்த ஸ்டிக்கர் பிரிண்டர் பழசு; மற்ற இரண்டு இடங்களிலும் புதுசு. அப்டேட் ஏறியதும் இந்தப் பழசு தன் காகித அளவை மறந்துவிடுகிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் அக்கா வேகவைத்த மல்லாட்டையை ஒரு கிண்ணம் நிறைய எடுத்து வைத்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உரித்துத் தின்றுகொண்டே யோசித்ததில் ஒன்று தோன்றியது.

"அக்கா, இனிமே என் மெஷினுக்கு அடுத்தபடியா உங்க மெஷினுக்குத்தான் வரும். புதன்கிழமை மதியம். தப்பா இருந்தா உடனே எடுத்துடுவேன். நீங்க சரின்னு சொன்னாதான் மத்தவங்களுக்கு அனுப்புவேன்."

"என் தலையிலயா மொதல்ல?" என்று முறைத்தார். பிறகு, "நான் வேணாம்னா நிறுத்திடுவியா?" என்றார்.

"நிறுத்திடுவேன்."

"சரி" என்று ரப்பர் பேண்டைக் கழற்றினார்.

அதிலிருந்து மாதா மாதம் அந்தப் புதன் மதியம் மூன்று மணிக்கு அவர் போன் வந்துவிடும். சோதித்துப் பார்ப்பதற்காக நூற்று நான்கு வயதுப் பெரியவர் ஒருவரைக் கற்பனையில் உருவாக்கி, அவருக்குச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் பதிந்து, ஸ்டிக்கரும் ரிப்போர்ட்டும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பார். அந்தப் பெரியவரை ஒருமுறை அழிக்க மறந்துவிட, "கீழ்பென்னாத்தூர்ல இவ்ளோ வயசானவரு யாரும்மா?" என்று தலைமை மருத்துவர் ஆச்சரியப்பட்டு என்னைக் கேட்டார்.

ஒரு புதன்கிழமை இரண்டரை மணிக்கே போன் வந்தது. "நிறுத்தும்மா. ரிப்போர்ட்டுல தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது."

என் மெஷினில் பார்த்தேன். அதே கட்டங்கள். நான் ஆங்கிலத்தில் மட்டும் அடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டிருந்தேன். அவர் சொல்லியிராவிட்டால் மறுநாள் மூன்று இடங்களிலும் நோயாளிகள் கையில் கட்டங்கள்தான் போயிருக்கும். அவர் மெஷினில் அப்டேட்டை எடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு அனுப்பாமல் நிறுத்தினேன். ரிப்போர்ட் மென்பொருள் செய்து கொடுத்தவர்களைத் துரத்தித் துரத்தித் திருத்தம் வாங்கத் திங்கட்கிழமை ஆகிவிட்டது. அந்த ஐந்து நாளும் திரை முழுக்கச் சிவப்பு. திங்கள் மதியம் அக்கா சரி என்றதும், ஒவ்வொரு புள்ளியாகப் பச்சைக்கு மாறியது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இந்த மாதம் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், அக்காவைப் பாராட்ட வேண்டும் என்று அங்கேயே போனை எடுத்து, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, நீங்க செஞ்சது பெரிய விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"சார், பத்து பேரு நிக்கிறாங்க. அப்பறம் கூப்புடுங்க சார்" என்று அக்கா வைத்துவிட்டார்.

இந்த முறை பின்னணியில் நிஜமாகவே கூட்டத்தின் சத்தம் கேட்டது.