ஒரே கோலுக்கு ரெண்டு கைதட்டல்

கொழும்பு கெம்பஸில் படிக்கும் என் மகள் வினோ உதைபந்தாட்ட இறுதிப்போட்டியில் விளையாடுகிறாள் என்றதும், எங்கள் றொசல்ல தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் மொத்தமும் அடுத்த வீட்டுச் செல்வி அக்கா வீட்டில் கூடிவிட்டன. அங்கேதான் கேபிள் டிவி இருக்கிறது.

"வா புள்ள, எல்லாருமா பாப்போம்" என்று அக்கா கூப்பிட்டார்.

"ஆளுக்கொரு குத்தம் சொல்லுவீங்க. நான் போன்லயே பாத்துக்கிறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன்.

டிவியைவிடப் போனில் எல்லாம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். நான் கோலைப் பார்ப்பதற்கு முன்பே சுவருக்கு அந்தப் பக்கம் கத்துவார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்து, பெனால்டிக்குப் போனது. அடித்தால் வெற்றி என்ற கடைசி பெனால்டிக்கு வினோ பந்தை வைத்தாள். அதற்குள் அடுத்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து "ஐயய்யோ!" என்றார்கள். பிள்ளை தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்து, பார்க்க மனசு வராமல் போனைக் கவிழ்த்து வைத்து அழுதேன்.

கதவு படாரென்று திறந்தது. செல்வி அக்கா மூச்சிரைக்க நின்றார். "அவ அடிக்க ஓடிவாறா, காத்துல கேபிள் அறுந்துருச்சு! போனைக் காட்டு!"

நிமிர்த்திப் பார்த்தால், வினோவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள்! அந்தக் கோலை லயத்தில் ஒருத்தருமே பார்க்கவில்லை. ஆனாலும் நாங்கள் போட்ட சத்தம் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போதெல்லாம் மேட்ச் என்றால் போனோடு நானே முதல் ஆளாக அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன். டிவியில் கோல் விழுந்ததும் கைதட்டிவிட்டு, எல்லாருமாகப் போனுக்கு ஓடி, அதே கோலுக்கு மறுபடியும் கைதட்டுகிறோம்.