தடித்துப்போன கத்தி வாய்

செத்துப்போன என் வீட்டுக்காரரின் மடக்குக் கத்தியை இன்று பிரிஞ்சாங் டவுனில் சாணை பிடிக்கும் கடையில் கொடுத்தேன். ஆணி ஆடுகிறது, இறுக்கினால் போதும் என்றுதான் சொன்னேன்.

கடைக்காரர் கத்தி வாயையும் மெஷினில் வைத்துத் தேய்த்துவிட்டார்.

“ரொம்ப மெலிசா இருந்துச்சுக்கா, தேயிலைச் செடி வெட்டுற கவாத்துக்குத் தாங்காது. தடிப்பா வச்சிட்டேன். காசு வேணாம், சும்மாதான் லா.”

“கவாத்துக்குன்னு யாருங்க சொன்னா? அது பாக்குச் சீவுற கத்தி!”

“தோட்டத்துல இருந்து வர்றீங்க, நான் என்னத்த நெனைக்கிறது?”

பல்லெல்லாம் போனபிறகு, பாக்கைத் தாள்போலச் சீவ என் வீட்டுக்காரரே வருஷக்கணக்காகக் கல்லில் தீட்டி மெலிசாக்கிய வாய் அது. ஒரு நிமிஷத்தில் போய்விட்டது.

நாளை அவருக்கு முதல் திதி. வீட்டுக்கு வந்து சீவிப் பார்த்தேன், பாக்கு கட்டி கட்டியாகத் தெறிக்கிறது.

பல் இல்லாத மனுஷனுக்கு இதை எப்படிப் படைப்பது? மெலிசான கத்தி யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள். கவாத்துக்குக் கேட்கவில்லை.