லாரியின் பின்கதவில் ஒரு பனிமலை

நான் குடியிருக்கும் செர்மாட்டில் லாரி ஓடக் கூடாது. சுவிட்சர்லாந்தின் இந்த மலையூருக்கு அரிசி, பீர், கட்டில், மெத்தை எல்லாமே ரயிலில்தான் வரும். இறங்கியதும் பொம்மை மாதிரி ஒரு மின்வண்டி சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டு போகும். ஆறு வருஷமாகியும் காலையில் கண் விழித்ததும் என் காது ஹாரனைத் தேடுகிறது. எருமப்பட்டி லாரிக்காரர் மகளுக்கு வாய்த்த ஊரைப் பாருங்கள்!

வேலை ஒரு படக்கடையில். ரயில் புதுசாக மலையேறிய காலத்தில் ஊருக்கு ஆள் கூட்ட அச்சடித்த விளம்பரப் படங்களை மறுபடி அச்சடித்து விற்கிறோம். ‘ப்ளாக்காட்’ என்பார்கள். நீல வானம், கோணல் மூக்கு மாதிரி மாட்டர்ஹார்ன் சிகரம், அடியில் கொட்டை எழுத்தில் ஊர்ப்பேர். முதல் நாள் சுருளைப் பிரித்தபோது எனக்குத் திக்கென்றது. அட, இது நம்ம வண்டி மலையாச்சே! அப்பா முதல் லாரிக்கு நாமக்கல் பட்டறையில் பாடி கட்டியபோது, பெயிண்டர் ஏதோ காலண்டரைப் பார்த்துப் பின்கதவில் வரைந்தது இதே கோணல் மூக்கைத்தான். பக்கத்தில் தன் பங்குக்கு ஒரு தென்னைமரம். மலைக்குக் கீழே, எங்கள் பக்கத்து வழக்கப்படி, பிள்ளைகள் பேர்: பூங்கொடி, சரவணன். அந்த வண்டி அஸ்ஸாம் வரைக்கும் ஓடியது. நான் பார்க்காத ஊரையெல்லாம் என் பேர் பார்த்துவிட்டு வந்தது.

இதை ஒருநாள் படம் வாங்க வந்த அம்மையாரிடம் என் அரைகுறை ஜெர்மனில் சொல்லித் தொலைத்தேன். “இந்த மலையை நான் சின்ன வயதிலேயே லாரியில் பார்த்திருக்கிறேன்.” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து, “எத்தனை நாள் ஒளிந்திருந்தாய்?” என்றார். லாரிக்குள் பதுங்கி எல்லை தாண்டி வந்தவள் என்று நினைத்துவிட்டார், பாவம். விசாவோடு விமானத்தில் வந்தேன் என்று சொல்லியும் நம்பாமல் இரண்டு படம் கூடுதலாக வாங்கிப் போனார். சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்தம்மா சொன்னது முழுப்பொய்யும் இல்லை. நானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு, வீட்டில் மூச்சு விடாமல் கிளம்பி வந்தவள்தானே நான். அப்பா திட்டவில்லை, தேடவில்லை. வண்டியைப் பட்டறையில் விட்டு, என் பேர் மேல் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார். தம்பி அனுப்பிய போட்டோவில் அவன் பேர் மட்டும் ஓரமாக நின்றது. அன்று அழுத மாதிரி நான் பிரசவ வலியிலும் அழவில்லை.

போன மாசம், அப்பா புது வண்டிக்குப் பாடி கட்டுகிறார் என்று அம்மா போனில் சொன்னாள். கடையிலிருந்து ஒரு ப்ளாக்காட்டைக் குழாயில் சுருட்டி அப்பா பேருக்கு அனுப்பினேன். கடிதம் வைக்கவில்லை. வைத்தால் அதற்காகவே எறிந்தாலும் எறிவார். மலைக்குக் கீழே எனக்கு மறுபடி இடம் கிடைக்குமா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முந்தாநாள் கடையில் இருந்தபோது அம்மா நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தால் அப்பா குரல். ஆறு வருஷத்துக்கப்புறம், நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

“ஏஞ்சாமி, அந்தப் படத்துல மலைக்குக் கீழ இங்கிலீசுல பெருசா ஒரு பேரு போட்டிருக்குதே. அந்த ஊர்க்காரனும் நம்மளாட்ட புள்ளை பேரைத்தான் போடுவானா?”

ஊர்ப்பேருங்கப்பா என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஆமாங்கப்பா. மக பேருதானுங்க.”

“அதான பாத்தேன்” என்றார். “செரி சாமி, பெயிண்டர் நிக்கிறாரு. வெக்கிறேன்.”

இன்று காலை தம்பி போட்டோ அனுப்பினான். புது லாரியின் பின்கதவு முழுக்கப் பனிமலை, அதே தென்னைமரம். செர்மாட் என்று இருக்க வேண்டிய இடத்தில், அதே கொட்டை எழுத்தில், பூங்கொடி. ‘என் பேரு முன்னாடி மூலையில பொடிசா இருக்குது, பூதக்கண்ணாடி வெச்சுப் பாரு’ என்று எழுதியிருந்தான், குசும்பு பிடித்தவன். கடைக் கண்ணாடிக்கு வெளியே நிஜ மலை நின்றது. அதன் அடிவாரத்தில் நான் இருக்கிறேன்; இங்கே என் பேரை முழுசாகச் சொல்ல ஒருத்தருக்கும் வராது. அங்கே நான் இல்லாத மலைக்குக் கீழே என் பேர், அஸ்ஸாம் போக லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறது.