ஜெயில் படத்துக்குப் போன வார்டர்

அந்தப் படத்தை எங்கள் தேக்கா வட்டாரமே இரண்டு தடவை பார்த்தது. அறுபதுகளின் தொடக்கம். கறிக்கடைக்காரரிலிருந்து பூக்கட்டும் அம்மாள் வரை எல்லோர் வாயிலும் அதே கதைதான். சிறையில் காவல் வேலை பார்க்கும் பெண், கொலைப்பழி சுமந்து உள்ளே வந்த ஒருவன்மேல் ஆசை வைக்கிறாள். சாவியைச் சோப்புக்கட்டியில் அழுத்தி அச்செடுத்து அவனைத் தப்பவைக்கிறாள். மழை, நாய்கள், துப்பாக்கிச் சூடு, கடைசியில் பாலத்தின்மேல் துரத்தல். உண்மையான கொலைகாரர் ஜெயிலரேதான். அதை நான் முதல் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன், அது வேறு விஷயம்.

தேக்காவில் அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாத ஆள் ஒருத்தி உண்டென்றால் அது நான்தான். நான் நிஜமாகவே சிறையில் வார்டர், பெண்கள் பகுதியில். வயது இருபத்தாறு. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் "ஜெயில்ல வேலையா?" என்று கேட்டுவிட்டு, பலகாரத்தைக்கூட முடிக்காமல் எழுந்து போயிருந்தன. மூன்றாவதாக வந்தவர் துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதுபவர். அவர் பலகாரத்தை முடித்தார். இன்னொரு முறுக்கும் கேட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த முறுக்கிலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

பேசி முடிக்கும் முன்னால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரு படத்துக்குப் போவது அப்போது எங்களுக்குள் இருந்த வழக்கம். பெண் ஒரு கோடி, மாப்பிள்ளை மறு கோடி, நடுவில் வேலி மாதிரி பெரியவர்கள். படத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவருடைய பெரியம்மா. தாய்தகப்பன் இல்லாத அவரை வளர்த்தவர், சுவா சூ காங்கில் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார். "எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்க லா" என்று டிக்கெட்டை எடுத்துவிட்டார். என்ன கதை என்று அவருக்குத் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியும். சுவரொட்டியைப் பார்த்ததுமே அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

கதாநாயகி சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே பாடினாள். எங்கள் சாவிகள் சங்கிலியோடு இடுப்பில் கிடக்கும். வேலை முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொண்டுதான் வெளியே விடுவார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இடைவேளையில் எல்லோரும் கச்சாங் பூத்தே கடலை கொறித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா அம்மாவின் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மா, ஆம்பளக் கைதிங்களும் இவங்க பக்கம் வருவாங்களா?"

"ஐயோ, வரவே மாட்டாங்க" என்றார் அம்மா. அது பொய்யென்று அம்மாவுக்கே தெரியாது.

வந்தார்கள். அதற்கு முந்தின வருஷம், எங்கள் பகுதிக்கு வெள்ளையடிக்க எட்டு ஆண் கைதிகளை இரண்டு வாரம் அழைத்து வந்தார்கள். கைதியை எண் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். உத்தரவைத் தவிர ஒரு பேச்சும் கூடாது. காலையில் பிரஷ்களைக் கொடுப்பதும் சாயங்காலம் எண்ணி வாங்குவதும் என் வேலை. சத்து, டுவா, தீகா என்று மலாயில் எண்ணுவோம். ஒன்று குறைந்தால், அது கிடைக்கும்வரை ஒருவரும் நகரக் கூடாது.

மூன்றாம் நாள் ஒன்று குறைந்தது. சுண்ணாம்புத் தொட்டியின் அடியில் கிடந்தது. நான்காம் நாளும் அப்படியே. இரண்டு நாளும் தொட்டிக்குள் கைவிட்டு எடுத்துத் தந்தவர் ஒரே ஆள். ஒல்லியானவர், இமையெல்லாம் சுண்ணாம்பு. மேஸ்திரியை அடித்துவிட்டு உள்ளே வந்தவராம். கை தொட்டிக்குள் துழாவும், கண் என்னைப் பார்க்கும். ஐந்தாம் நாள்தான் என் மரமண்டைக்கு விளங்கியது. பிரஷ் காணாமல் போகவில்லை. அது கிடைக்காதவரை அவர் எங்கள் முற்றத்தில் இன்னும் கால் மணி நேரம் நிற்கலாம்.

நான் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதினால் அவருடைய தண்டனை நாள் கூடும். எழுதவில்லை. ஆறாம் நாள் எட்டு பிரஷ்களும் கண்ணெதிரே வரிசையாக இருந்தன. நான் எண்ணிவிட்டு, "ஏழுதான் இருக்கு" என்றேன்.

அவர் தலை குனிந்துகொண்டு சிரித்தார். எங்கள் காதல் அவ்வளவுதான். அதன்பின் ஒருநாள் அவர் ஒளிப்பார், ஒருநாள் நான் தப்பாக எண்ணுவேன். ஒரு சொல் பேசியதில்லை. பதினான்காம் நாள் சுவர் முடிந்தது. அன்றைக்கு மேலதிகாரி பக்கத்தில் நின்றதால் கணக்குச் சரியாக இருந்தது. அவர்களை நடத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

படத்தின் பின்பாதியில் கதாநாயகனை விலங்கிட்டு வேறு சிறைக்குக் கொண்டுபோவார்கள். அவள் வாசலில் விறைப்பாகச் சல்யூட் அடித்து நிற்பாள். தியேட்டரே விசிலடித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுகோடியிலிருந்து கிராணி திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் விட்டதும் கோப்பிக் கடைக்குப் போனோம். பெரியவர்கள் ஒரு மேசை, நாங்கள் பேசிக்கொள்ளப் பக்கத்து மேசை.

"உள்ள இப்படியெல்லாம் நடக்குமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

'அதெல்லாம் சினிமா' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. என் நாக்கில் சனி. பிரஷ் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். பொய்யில் தொடங்கி அவரோடு வாழ எனக்கு மனம் வரவில்லை. அவர் ஆறிப்போன கோப்பியைக் குடித்து முடித்து, "சரி" என்றார்.

பத்து நாள் அவர் வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை. கோப்பிக் கடையில் அவரிடம் சொன்னதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பொய் சொல்லத்தான் தெரியல, வாய மூடிக்கிட்டு இருக்கவுமா தெரியாது?" எனக்கும் அதே ஆத்திரம்தான் என்மேல். இனி யார் வந்து முறுக்குக் கேட்டாலும் அது அவராக இருக்கப் போவதில்லை.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் தனியாக வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பெரியம்மாகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்."

வேலையை விடச் சொல்லப் போகிறார், இல்லையென்றால் அந்த ஆள் என்னைத் தொட்டாரா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன்.

"அந்த ஆளு வெளிய வந்துட்டாரா?"

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்க முடிந்ததில்லை. ஒரு வார்டர் காரணமில்லாமல் ஒரு கைதியைப் பற்றி விசாரித்தால் அதற்கே விசாரணை வரும். 'தெரியாது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. என்னைக் கட்டிக்கொள்ள வந்தவர் முன்னாலேயே, இன்னொரு ஆணுக்காக, குரலெடுத்து அழுதேன். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா விக்கித்துப் போய் நின்றார். ஏதோ சொல்ல வந்த அம்மாவை அவர் கையமர்த்தினார். நான் அழுது முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு அம்மாவைப் பார்த்து, "அவங்களுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க, அத்தை" என்றார். "தையில நல்ல நாளாப் பாருங்க."