ஆய்வுக்கூடத்தில் காணாமல் போன முப்பது

கண்டீன்ல கரண்டி பிடிக்கிற விமலாவுக்கு இயற்பியல் எதுக்குன்னு கேக்காதீங்க. அன்னிக்கு அது என் அடுப்பங்கரைக்கே வந்து நின்னுச்சு. கொண்டு வந்தவரு எங்க பள்ளி ஆய்வுக்கூட உதவியாளர் தயாளன்.

பதினோரு வருசத்துல ஒரு குடுவையை உடைச்சதில்ல மனுசன். துணியும் கையுமா துடைச்சுக்கிட்டே இருப்பாரு. விட்டா பிள்ளைங்களையும் துடைச்சு அலமாரியில அடுக்கிடுவாரு. ஒரே பயம் மாற்றல். வீடு பள்ளிக்குப் பக்கத்துல சுங்கை புரோங்ல, மனைவி கண்மணிக்கு அங்கேயே நெல் ஆலையில வேலை. எங்கேயோ தூரத்துல இருக்கிற கெர்லிங் பள்ளிக்கு ஆள் தேடுறாங்கன்னு சேதி வந்ததுலேர்ந்து அவருக்குச் சோறு இறங்கல.

அந்த நேரம் பார்த்து கல்வி இலாகாவிலேர்ந்து ஒரு அதிகாரி அம்மா வகுப்பைப் பார்க்க வர்றாங்கன்னு ஆச்சு. இயற்பியல் சொல்லிக் கொடுக்கிற நிருபா டீச்சர் சாய்பலகைச் சோதனையைக் காட்டுறதா முடிவு. சின்ன வண்டியைப் பலகை உச்சியிலேர்ந்து உருட்டி விடணும். உயரத்தால வந்த ஆற்றல், கீழ வரும்போது வேகத்தோட ஆற்றலா மாறணும். மேல நூறு இருந்தா கீழயும் நூறு. உராய்வுக்கு ரெண்டு மூணு போனாப் போகட்டும். ஒத்திகையில எழுபதுதான் வந்துச்சு. பலகையை மாத்தினாங்க, கடிகாரத்தை மாத்தினாங்க, வண்டியையே மாத்தினாங்க, அதே எழுபது. சாமான் பராமரிப்பு சரியில்லைன்னு அறிக்கை போனா கெர்லிங்தான்னு தயாளனுக்கு வேர்த்துப் போச்சு.

அதிகாரி வர அரை மணி நேரம் இருக்கும்போது வண்டியோட ஓடி வந்து, எண்ணெய் இருக்கா அக்கான்னு கேட்டாரு. வாங்கிப் பார்த்தேன். கமகமன்னு சந்தன வாசம்.

எனக்கு வந்துச்சே கோபம்! போன வாரம் ஆயுத பூசைக்கு ஆய்வுக்கூட வண்டி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாராம். அவங்க அப்பா எஸ்டேட் லோரி ஓட்டினவரு. சக்கரத்துக்கு நட்ட நடுவுல சந்தனத்தை அப்பித்தான் லோரியை எடுப்பாராம். மகனும் அப்படியே செஞ்சிருக்காரு. லோரி சக்கரம் தாங்கும். கட்டைவிரல் அளவு சக்கரம் தாங்குமா? அச்சுக்குள்ள போய்க் காஞ்சு இறுகிக் கிடக்கு. மூளையை அடகு வெச்சிட்டீங்களான்னு திட்டிக்கிட்டே, பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால நாலு சக்கரத்தையும் தேச்சுக் கழுவிக் கொடுத்தேன்.

பலகாரத் தட்டோட நானும் கதவோரம் நின்னேன். கழுவின வண்டி தொண்ணூத்தேழு காட்டுச்சு. அதோட முடிஞ்சிருக்கலாம் லா. அதிகாரி அம்மா ஒத்திகை நோட்டைப் புரட்டி, இது என்ன எழுபதுன்னு கேட்டுட்டாங்க. நிருபா டீச்சர் முகம் சுருங்கி, நான் கணக்குல பிழை விட்டுட்டேன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க. பாவமா இருந்துச்சு எனக்கு. தயாளன் முன்னால வந்தாரு.

"டீச்சர் கணக்கு சரிங்க. சந்தனம் வெச்சது நான்."

அப்புறம் அதிகாரிகிட்ட மலாய்ல அப்பாவோட லோரியிலேர்ந்து என் பிரஷ் வரைக்கும் ஒண்ணு விடாம ஒப்பிச்சாரு. அந்தம்மா நோட்டை மூடி வெச்சாங்க. பொட்டு வெச்ச வண்டி இன்னும் இருக்கான்னு கேட்டாங்க. இருந்துச்சு, அஞ்சு. ஒண்ணை எடுத்துக் கழுவின வண்டி பக்கத்துல வெச்சு ரெண்டையும் உருட்டச் சொன்னாங்க. முப்பது எங்க போச்சுன்னு பிள்ளைங்களைக் கேட்டாங்க. உராய்வுல சூடாப் போச்சுன்னு வகுப்பே சொல்லுச்சு.

இந்த உதவியாளர் இந்தப் பள்ளியிலேயே இருக்கட்டும்னு அறிக்கையில எழுதிட்டுப் போனாங்களாம்.

அடுத்த வருச ஆயுத பூசையில வண்டிங்க பொட்டில்லாம பளிச்சுன்னு நின்னுச்சு. தயாளன் நெத்தியில மட்டும் அப்பின மாதிரி அவ்வளவு சந்தனம். என்னய்யா இதுன்னேன்.

"என் நெத்தியில இருந்தா பரவாயில்லக்கா. நான் எங்கயும் உருள வேண்டியதில்ல."