தேறியவருக்கு இடமில்லை

எங்கள் ஊரிலிருந்து மலைமேல் உள்ள இவானியிட்சாவுக்கு ஓடிய பேருந்தில், சீட்டு வாங்காமல் எவரும் பயணம் செய்ததில்லை. தேசாங்கா அதில் நடத்துநராக இருந்தாள். ஒருமுறை பாதிரியார் ஒருவரையே பாதி வழியில் இறக்கிவிட்டாள்.

"சாமிக்கு நீங்க சொந்தக்காரரா இருக்கலாம், பாதிரியாரே. பஸ்ஸுக்கு இல்ல. இறங்குங்க."

ஓட்டுநர் ராடிசாவ் அதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அந்த ஆண்டே இருவருக்கும் திருமணம் நடந்தது. சாட்சியாக நின்றவள் வெரிட்சா. திருமணத்துக்குச் சாட்சி நின்றவள் எங்களிடையே வெறும் தோழியல்லள். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுக்குக் 'கூமா'. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைப்பார்கள். மேலே கடவுள், கீழே கூமா என்பார்கள். உடன்பிறந்தவளை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். ஊர் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிடும். கூமாவைக் காட்டிக்கொடுத்தவள் வீட்டில் யாரும் காப்பி குடிக்கமாட்டார்கள்.

நான் அவர்களுடைய எதிர்வீட்டுக்காரி. ராடிசாவ் ஓய்வு பெற்ற பிறகு தம் சிறிய சிவப்புக் காரில் தேசாங்காவையும் என்னையும் சந்தைக்கு அழைத்துச் செல்வார். ஒரு கோடையில், மொராவா ஆற்றுப் பாலத்தின் நடுவில் காரை நிறுத்திவிட்டார்.

"இந்தப் பாலம் எங்க போகுது, தேசா?"

"நரகத்துக்கு. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க, எடு வண்டிய."

அவர் எடுக்கவில்லை. அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்ததும் தேசாங்காவின் குரல் மாறியது. "நேரா போ, ராடே. எங்க திரும்பணும்னு நான் சொல்றேன்" என்றாள். அன்றோடு அந்தக் கார் பழுதாகிவிட்டதென்று அவரிடம் சொல்லிவிட்டாள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் இருட்டில்கூட அறிந்திருந்தவர் அதை நம்பினார்.

அந்த ஆண்டில்தான் ஊர் மருத்துவமனையில் நினைவாற்றல் பிரிவைத் தொடங்கினார்கள். வெரிட்சா அங்கே செவிலி. டாக்டர் நெவெனா உள்ளூர்த் தொலைக்காட்சியில் வந்து பேசினார். மறதி நோயின் சுவடு மூளையில் இருக்கிறதா என்று அறிய இப்போது முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்கவேண்டியதில்லை; கையிலிருந்து எடுக்கும் இரத்தமே பெரும்பாலும் சொல்லிவிடும். பெல்கிரேடில் ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். மாதந்தோறும் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றவேண்டும். போன நினைவை அது மீட்டுத் தராது. இருப்பது கரைவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். ஆரம்ப நிலையில் உள்ளவர்களையே சேர்ப்பார்கள். இடங்கள் மிகக் குறைவு.

கடைசி வாக்கியம் மட்டுமே தேசாங்காவின் காதில் விழுந்தது. குடியிருப்பு, தொலைபேசி இணைப்பு, மகளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் இடம் என எதுவும் அவளுக்கு ஆள் பிடிக்காமல் கிடைத்ததில்லை. அவளுக்கு மட்டுமன்று, எங்களில் எவருக்குமே கிடைத்ததில்லை. இடம் குறைவென்றால் நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கே அது போகும். நல்ல மதிப்பெண் வேண்டுமென்றால் கேள்விகள் முன்பே தெரியவேண்டும். தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பார்கள்.

வெரிட்சா காப்பி குடிக்க வந்தபோது, சோதனையில் கேட்பதை எல்லாம் தேசாங்காவிடம் சொன்னாள். "மனசுல வச்சுக்க, கூமா. எங்கயும் எழுதி வைக்காத" என்றாள். மருத்துவர் ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போவார். பிறகு அவற்றைத் திருப்பிக் கேட்பார். நான்கே கால் காட்டும் கடிகாரம் ஒன்றை வரையச் சொல்வார்.

அது குளிர்காலத்துக்காகக் குடைமிளகாயைச் சுட்டு வைக்கும் பருவம். சுட்ட சிவப்புக் குடைமிளகாயைத் தோலுரித்தபடியே தேசாங்கா கணவருக்குப் பாடம் நடத்தினாள்.

"சொல்லு."

"வாத்து, பாலம், மழை, பொத்தான்..."

"அஞ்சாவது?"

"பிளம். மழையில வாத்து சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டு, பாலத்துல நின்னு பிளம் தின்னுது. என்னைவிட நல்லா வாழுது, தேசா, அந்த வாத்து."

அவள் சிரித்த சிரிப்பு என் வீடு வரை கேட்டது. காலையிலும் மாலையிலும் கேட்டாள். அவர் தூக்கத்திலிருந்து விழித்ததும் கேட்டாள். வாத்தும் பாலமும் அவருக்குப் படிந்துபோயின.

சோதனை நாளில் நடந்ததைப் பிறகு தேசாங்காவே என்னிடம் சொன்னாள். ராடிசாவ் ஐந்து சொற்களையும் தடங்கலின்றிச் சொன்னார். கடிகாரத்தை அழகாக வரைந்தார். வீட்டில் எப்படியென்று டாக்டர் நெவெனா கேட்டபோது, "எல்லா வேலையும் அவரே செஞ்சுக்குவார், டாக்டர். கணக்குல என்னைவிடக் கெட்டிக்காரர்" என்று தேசாங்கா பெருமையோடு சொன்னாள்.

மருத்துவரும் மலர்ந்த முகத்தோடு பேசினார். "ரொம்ப சந்தோஷம்மா. இது வெறும் வயசு மறதி. இரத்தம்கூட எடுக்க வேண்டாம். நல்லாப் பார்த்துக்கங்க."

"அப்ப பெல்கிரேடு மருந்து?"

"அது நோய் தொடங்கினவங்களுக்கு. இவருக்குத்தான் ஒண்ணுமே இல்லையே! மதிப்பெண் ரொம்பக் கம்மியா இருந்தாலும் சேர்க்க மாட்டாங்க, இவ்வளவு அதிகமா இருந்தாலும் சேர்க்க மாட்டாங்க."

தேசாங்கா வாய் திறந்தாள். மருத்துவரின் பின்னால் தட்டை ஏந்தி நின்ற வெரிட்சாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றால், உனக்கு யார் சொன்னது என்பதே அடுத்த கேள்வியாக இருக்கும். தேசாங்கா வாயை மூடிக்கொண்டாள்.

தாழ்வாரத்தில் வெரிட்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலை போயிடும், கூமா. ஓய்வூதியமும் போயிடும். இந்த வயசுல நான் எங்க போவேன்?"

"அவர் எங்க போவார்?"

"வசந்தம் வரட்டும். மறுபடி கூட்டிட்டு வா. கேள்வியும் வேறயா இருக்கும். அப்ப ஒண்ணும் சொல்லிக்கொடுக்காத. இடம் இருக்கும், நான் பார்த்துக்கறேன்."

"நீ பார்த்துக்கிட்டதெல்லாம் போதும்" என்று தேசாங்கா சொன்னாள். ஆயினும் காத்திருந்தாள். கூமா கேட்டுக்கொண்டாளே!

அந்தக் குளிர்காலம் கொடியதாக இருந்தது. பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து ராடிசாவ் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து கண்விழித்தவர், விழுவதற்கு முன்பிருந்த மனிதராகத் திரும்பவேயில்லை. மகளின் பெயர் போயிற்று. கரண்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதும் சில நாள்களில் போயிற்று.

வசந்தத்தில் யாரும் அவருக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. டாக்டர் நெவெனா சொன்ன புதிய சொற்களில் ஒன்றைக்கூட அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. இம்முறை இரத்தம் எடுத்தார்கள். அதில் நோய் தெளிவாகத் தெரிந்தது. நெடுநாளாக வளர்ந்துவந்த நோய் என்றார் மருத்துவர்.

"எனக்குப் புரியல. இலையுதிர் காலத்துல அவ்வளவு நல்லாச் சொன்னாரே! அப்பவே கொஞ்சம் தடுமாறியிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேன். இனிமே அந்த மருந்து இவருக்கு இல்லம்மா. அப்போ வீட்டுல எதையும் கவனிக்கலையா?"

வெரிட்சா கதவருகில் நின்றிருந்தாள்.

"இல்ல, டாக்டர். திடீர்னு வந்துடுச்சு" என்றாள் தேசாங்கா.

மருத்துவர் அன்பானவர். பகல்நேரப் பராமரிப்பு இல்லத்தில் ராடிசாவுக்கு இடம் வாங்கித் தந்தார். அறைக்கதவுகளில் படங்கள் ஒட்டச் சொன்னார். ராடிசாவ் எதைத் தவறாகச் சொன்னாலும் திருத்தாமல் அவர் போக்கிலேயே போகவேண்டும். திருத்தினால் அச்சமே மிஞ்சும் என்று தேசாங்காவுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். ஆயுள் முழுவதும் ஒரு தவறான சீட்டைக்கூட விட்டுவைக்காதவள், இப்போது காலை முதல் மாலை வரை எல்லாத் தவறுகளுக்கும் தலையாட்டுகிறாள். குளியலறையைப் பேருந்து நிலையம் என்பார், ஆம் என்பாள். அவளை 'அக்கா' என்பார். அதற்கும் ஆம் என்பாள்.

மே மாதம் புனித ஜார்ஜ் நாள் வந்தது. அவர்கள் குடும்பத்தின் காவல் புனிதர் அவர். அன்று எவரையும் அழைப்பதில்லை, எவரையும் தடுப்பதுமில்லை. கதவு திறந்தே இருக்கும். வேகவைத்த கோதுமையையும் அக்ரூட்டையும் அரைத்துச் சர்க்கரை சேர்த்த இனிப்பில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டுதான் விருந்தினர் அமரவேண்டும். நான் முன்னதாகவே போய்விட்டேன். நண்பகலில் வெரிட்சா வந்தாள்.

ராடிசாவ் நாற்காலியின் கையைப் பற்றி எழுந்து நின்றார். விருந்தோம்பல் மட்டும் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

"வாங்க, வாங்க. நீங்க யார் வீட்டுப் பொண்ணு?"

வெரிட்சா தேசாங்காவைப் பார்த்தாள்.

"நம்ம கூமா, ராடே" என்றாள் தேசாங்கா.

"கூமாவா? அப்புறம் ஏன் வாசல்லயே நிக்க வச்சிருக்க? உள்ள கூப்பிடு, அக்கா. கூமாதான் நம்ம வீட்டுக்குக் காவல்."

தேசாங்கா தட்டை எடுத்து வந்து நீட்டினாள். வெரிட்சா கரண்டியை எடுத்தாள்; ஆனால் இனிப்பைத் தொடவில்லை.

"எடுத்துக்க, கூமா" என்றாள் தேசாங்கா, எல்லாருக்கும் கேட்கும்படியாக. "பயப்படாத. இந்த வீட்டுல யாரும் எதையும் ஞாபகம் வச்சுக்கறதில்ல."

வெரிட்சா சிலுவைக்குறி இட்டுக்கொண்டு ஒரு கரண்டி உண்டாள். தேசாங்கா அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கி, உண்ட கரண்டிகளைப் போடும் தண்ணீர்க் குவளையில் போட்டுவிட்டு, தட்டோடு அடுத்த விருந்தினரிடம் நகர்ந்தாள்.